மந்திலொறித் திராட்சை

பலாபத்வலையில், மாத்தளை ரோட்டோரம், யாகூபின் வீட்டு முற்றத்துத் திராட்சைப் பந்தலைத் தெரியாத லொறிக்காரர் கிடையாது. தம்புள்ளையிலிருந்து பூசணிக்காயும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகிறவர்கள், மாசி வெயிலில் குலைகள் கறுத்துத் தொங்குவதைக் கண்டால் ஒரு தடவையாவது வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். யாகூப் இல்லையென்று சொல்லமாட்டார். ஒரு சின்னக் குலையை நறுக்கிக் கையில் கொடுத்துவிட்டு, அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் பழம் கடிபட்டதும் முகம் கோணும். தோல் அவ்வளவு கெட்டி. சாறு இனிக்கப்போவதுபோலத் தொடங்கி, நாக்கைப் பிடித்து இழுத்து, இளம் பாக்கை மென்றதுபோல ஈறெல்லாம் துவர்த்துப்போகும். பல் நீலமாகும். உதட்டுக் கறை மறுநாளும் போகாது.

"என்ன நாநா சாதி இது?"

"மந்திலொறி."

"லொறியா?"

"மந்தி ஓட்டுற லொறி. அதான் ஏறினவன் எல்லாம் முகத்தச் சுளிக்கிறான்."

இந்தப் பெயர் எல்கடுவ மலையிலிருந்து இறங்கி வந்தது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, யுத்த காலத்தில் கிரேக்கத் தீவொன்றில் மாட்டிக்கொண்டு, தன்னை ஒளித்துவைத்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு வந்தவர். அந்தத் துரைசாணி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்த குச்சிகளைப் பங்களாவுக்குப் பின்னால் நட்டு, ஒன்றை மட்டும் பிழைக்கவைத்தாள். பங்களாவுக்குச் சாமான் போட்டது யாகூபின் கடை. துரையும் துரைசாணியும் இலங்கையை விட்டு ஒரேயடியாகப் புறப்பட்ட வருடம், அவள் மண்ணெண்ணெய்த் தகரமொன்றில் பதியம் வைத்த கொடியை யாகூபிடம் கொடுத்தாள். "மந்திலாரி" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். யாகூபின் காதில் விழுந்தது லொறிதான்.

கொடியின் குணத்தையும் அவள் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருந்தாள். கறுப்பு, ரொம்பக் கறுப்பு. தோல் ரொம்ப. சக்கரை கொஞ்சம். பழுக்க நாளாகும், அவசரப்படக்கூடாது. தனியாக நிற்காது, வேறு பழத்தோடு கலக்க வேண்டும். வெளுத்த சாறாக இருந்தால் இதில் கொஞ்சம் விட்டால் போதும், கறுத்துவிடும். எதற்காகக் கலப்பது என்று யாகூப் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தகரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பார்.

முதல் காய்ப்பில் அக்கம்பக்கமெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஒருவரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. யாகூப் கொடியை வெட்டிவிடலாம் என்றார். அவருடைய மனைவி கைறுன்னிஸா, சர்பத்துக்கு ஆகட்டுமே என்று பழத்தைப் பிழிந்து ஒரு சட்டியில் வைத்தாள். அந்த வாரம் உம்மாவுக்குச் சுகமில்லை என்று உக்குவளைக்குப் போனவள், திரும்பி வந்து நெடுநாள் கழித்துத்தான் சட்டியை நினைத்துப் பார்த்தாள். மூடியைத் திறந்ததும் மூக்கில் சுரீரென்று ஏறியது. தொட்டு நாக்கில் வைத்தாள். சாறு புளித்துக் காடியாகியிருந்தது. அப்படியொரு வினாகிரியை அவள் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை.

யாகூப் மௌலவியிடம் விசாரித்துவிட்டு வந்தார். தானாக மாறியிருந்தால் ஹலால். கை வைத்து மாற்றியிருந்தால் ஆகாது. உப்புக் கல்லோ, வெங்காயத் துண்டோ, பச்சைத் தண்ணியோ எதுவும் உள்ளே விழக்கூடாது. அன்றிலிருந்து அந்த வீட்டுச் சட்டம் அதுதான். பழத்தைப் பிழிந்து சாடியில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, குசினி மூலையில் வைத்துவிடுவார்கள். பிறகு அதற்கு முன்னால் நின்று யாரும் பேசுவதுகூட இல்லை. சாறாக உள்ளே போனது வினாகிரியாக வெளியே வரும். நடுவில் அது என்னவாக இருந்தது என்பதற்கு அந்த வீட்டில் பெயர் கிடையாது.

ஆனால் கைறுன்னிஸாவுக்குத் தெரியும். அவள் தினமும் சாடியோடு குசினியில் இருப்பவள். முதல் நாட்களில் சாடி பேசும். காதை வைத்தால், தூரத்தில் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலக் கேட்கும். ஒருநாள் பேச்சு நின்றுவிடும். அதற்குப் பிறகு மூக்கில் ஏறும் காரம் வருகிறவரைக்கும் ஒரு மௌனம். அந்த மௌனத்தில் துணி வழியாக ஒரு வாசம் கசியும். கெட்ட வாசமில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடம்.

எழுபத்து நாலாம் ஆண்டு பந்தல் நன்றாகக் காய்த்தது. நாட்டில் மற்ற எதுவும் காய்க்கவில்லை. பாணுக்கு விடியுமுன்னே பேக்கரி வாசலில் வரிசை. சீனி கூப்பனில். செத்தல் மிளகாய் வெளிநாட்டிலிருந்து வருவது நின்றுபோய், வீடுகளில் அதைத் தாலியைப்போலப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். அந்த வருடம் பழம் பறிக்க மூன்று பெண்கள் நின்றார்கள்: கைறுன்னிஸா, மகள் ஹவ்வா, வேலிக்கு அந்தப் பக்கத்துத் திரேசம்மா.

திரேசம்மா எல்கடுவத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்தெடுத்து வளர்ந்தவள். அவளுடைய புருஷன் செபஸ்தியன் ஒரு காலத்தில் அந்தப் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். இப்போது வேதக்கோயில் உபதேசியார். பாண் வரிசையில் திரேசம்மா கைறுன்னிஸாவுக்கும் சேர்த்து இடம் பிடிப்பாள். இரண்டு வீட்டுக் குசினிக்கும் இடையில் சட்டி, கோப்பை, சுளகு எல்லாம் ஓயாமல் போய்வரும். ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை மற்றவர் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி கறிவேப்பிலையாவது கிடக்கும்.

"ஹவ்வா, கைய முக்காட்டுக்குள்ள ஒளிச்சுக்க," என்றாள் திரேசம்மா. "மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாத்தா, பொண்ணு நகத்துல என்ன நோயோன்னு பயந்துருவாங்க."

"நீங்க மட்டும் என்ன திரேசா மாமி? ஒங்கட வாயப் பாருங்க."

"நான் பழம் நல்லதான்னு பாத்தேன்."

"ஒவ்வொரு குலையிலயுமா?"

கைறுன்னிஸா சிரித்துக்கொண்டே பழங்களைக் காம்பிலிருந்து உருவினாள். அவள் நினைப்பு வேறெங்கோ இருந்தது. ஹவ்வாவுக்குக் கொங்காவெலையில் பேசி முடிவாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பலீல் நல்ல பையன். தாய் ஸுபைதா கண்டிப்பானவள். எந்தக் கல்யாண வீட்டிலும் அச்சாறைத் தொடமாட்டாள். கடை வினாகிரி கள்ளில் செய்தது என்பது அவள் கட்சி. கைறுன்னிஸாவின் வினாகிரியில் கள் படவில்லை என்று யாரோ சொல்லி, அந்தச் சுத்தத்தைக் கேட்டுத்தான் முதலில் இந்த வீட்டுப் பக்கம் திரும்பினாள். நோன்புக்கு முன்னால் நிக்காஹ். அச்சாறு இந்தச் சாடியிலிருந்துதான் என்று அவளே சொல்லியும் இருந்தாள்.

சாடியின் பேச்சு நின்ற வாரத்தில் ஸுபைதா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வந்தவள் முன்னறையில் உட்காரவில்லை. நேரே குசினிக்கு வந்தாள்.

"இதா அந்தச் சாடி?"

"இதுதான் மதினி. இன்னும் ஆகல்ல."

"எப்ப ஆகும்?"

"அது அதுட பாட்டுல ஆகும்."

ஸுபைதா குனிந்தாள். துணிக்கு மேலே மூக்கைக் கொண்டுபோனாள். "என்னமோ வாசமா இருக்கே. வினாகிரி வாசமில்லியே," என்று கயிற்றில் விரலை வைத்தாள். "கொஞ்சம் அவுத்துப் பாப்பமா?"

"தொறந்தா கெட்டுரும் மதினி," என்றாள் கைறுன்னிஸா. குரல் சரியாகத்தான் வந்தது. கையிலிருந்த அகப்பைதான் எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தது. இந்த வீட்டுக் குசினியில் இது கிடக்கிறது என்று ஸுபைதாவின் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனால் கொங்காவெலை முழுக்கப் பரவிவிடும். பிறகு மௌலவியின் விளக்கத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

அப்போதுதான் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு திரேசம்மா வந்தாள். வெயிலிலிருந்து வந்ததால் உள்ளே இருப்பது யாரென்று அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"ராத்தா, சாமிக்குக் கொஞ்சம் ரசம் வேணும். நீங்கதான் மனசு வைக்கணும்."

சொன்ன பிறகுதான் ஸுபைதாவைப் பார்த்தாள்.

கோயில்காரர்கள் பூசையில் வைக்கிற திராட்சை ரசத்தை வெறும் ரசம் என்றுதான் சொல்வார்கள். கைறுன்னிஸாவுக்கு அது தெரியும். திரேசம்மாவின் கண் ஒரு முறை சாடிக்குப் போய் வந்ததையும் பார்த்தாள்.

"எந்தச் சாமிக்கு?" என்றாள் ஸுபைதா.

"கோயில் சாமியாருக்குங்க."

ஸுபைதாவின் விரல் கயிற்றிலிருந்து எழுந்தது. "என்ன, காய்ச்சலா?"

திரேசம்மா பொய் சொல்கிறவள் இல்லை. "இருந்தது தீந்துபோச்சுங்க. கொழும்புலயிருந்தும் வரல. ரொம்பக் கஷ்டப்படுறாருங்க."

"கொழும்புலயிருந்து ரசம் வரணுமா?" ஸுபைதா வாயில் கை வைத்தாள். "பொஞ்சாதி புள்ள இல்லாத மனுசன். ஆக்கிப்போட ஆளில்லாட்டி அப்பிடித்தான். கைறுன்னிஸா, என்ன யோசிக்கிறீங்க? நான் இருக்கேன்னா? நோயாளிக்குக் குடுக்கிறது எந்த மதத்தாளா இருந்தாலும் நன்மைதான். குடுங்க, குடுங்க."

"குடுக்கிறேன் மதினி."

கைறுன்னிஸா அடுப்பை மூட்டினாள். மிளகையும் சீரகத்தையும் அம்மியில் வைத்துத் தட்டினாள். பூண்டை நசுக்கினாள். புளி கரைத்தாள். ஸுபைதா பக்கத்தில் நின்று, மிளகு காணாது, இன்னும் போடுங்க, நெஞ்சுச் சளி இளகணும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். திரேசம்மா கதவோரம் குந்தியிருந்து, தாளிக்கிற வாசத்தில் ஒரு முறை தும்மினாள்.

"இந்தா, ஒனக்கும் பிடிச்சிட்டுது பாரு," என்றாள் ஸுபைதா.

திரேசம்மா ரசச்சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சுடச்சுடக் குடிக்கச் சொல்லு."

"சொல்றேங்க."

சாடியைத் திறந்து பார்க்கிற எண்ணம் ஸுபைதாவுக்கு மறந்துபோயிற்று. போகும்போது ஹவ்வாவின் கன்னத்தைத் தொட்டு, வியாழக்கிழமை கொங்காவெலைக்கு வந்து சட்டைக்கு அளவு கொடுக்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வேலியடியில் இரண்டு பெண்களும் நின்றார்கள்.

"நான் வந்த நேரம் சரியில்ல ராத்தா. மன்னிச்சுருங்க."

"நீ வந்ததாலதான் அவ கயித்த விட்டா. அந்த ரசத்த என்ன செஞ்ச?"

"என்ன செய்ய? சாமிக்குன்னு வாங்கினத நாம குடிக்கலாமா? எங்க வீட்டு உபதேசியார் சைக்கிள்ல தொங்கப்போட்டுக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வந்தாரு. சாமி ஒண்ணும் கேக்காமக் குடிச்சாராம். வேர்த்து ஊத்தி, கண்ணுல தண்ணி வந்துருச்சாம். ஏன் உபதேசியாரே எனக்கு இந்தத் தண்டனைன்னு கேட்டாராம்."

இருவரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பிறகு திரேசம்மா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"போத்தல்ல அடியிலதான் கெடக்கு ராத்தா. சாமி கரண்டியால அளந்து ஊத்துறாரு. பாஸ்குப் பெருநாளுக்கு எஸ்டேட்டுக் கோயில் எல்லாத்துக்கும் போகணும். அது இல்லாமப் பூசை இல்ல. சாராயமோ சர்பத்தோ வச்சுச் செய்ய ஏலாது, திராட்சையில வந்ததாத்தான் இருக்கணும். புளிச்சுப்போனாலும் ஆகாது. தொரசாணி பீப்பாயில செய்யிறப்ப எங்க வீட்டுக்காரர் கூட நின்னவரு. அந்தப் பழத்துல சக்கரை கம்மி, நிக்காது, குருத்தோலை ஞாயித்துக்குள்ள எடுக்காட்டி வினாகிரிதான்னு சொல்றாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டு போத்தல் போதும். ஒங்களுக்கு இது பாவம்னும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கேக்குறேன்."

கைறுன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குத் திரும்பினாள்.

இராச் சாப்பாட்டின்போது யாகூபிடம் சொன்னாள். அவர் மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுப் பிட்டு மீன் குழம்பில் தோய்த்தபடி கேட்டார்.

"குடுக்க ஏலாது. விக்கவும் ஏலாது," என்றார். "நாம கை வைக்காத வரைக்கும் அது வினாகிரியாப் போற சாறு. தூக்கி ஒருத்தன் கையில குடுத்தா அதுக்கு வேற பேரு. அந்தப் பேரோட அது நம்ம வீட்டுல இருந்ததாயிரும்."

"அவங்களுக்குப் பெருநாள் பூசை இல்லாமப் போயிரும்."

"போகட்டும்னு நான் சொல்லல்ல."

"நமக்கு ஒரு பெருநாளைக்குத் தொழ ஏலாமப் போனா?"

யாகூப் பிட்ட கிழங்கைக் கோப்பையிலேயே வைத்தார். செபஸ்தியனும் அவரும் பங்களாக் காலத்திலிருந்து பழக்கம். தகரத்தில் இருந்த கொடியை மலையிலிருந்து தலையில் சுமந்து இறக்கியவரே செபஸ்தியன்தான். "எனக்குத் தெரிஞ்ச சட்டத்தச் சொன்னேன்," என்றார். "எனக்கு இதுக்கு மேல தெரியாது." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் முழுக்கக் கைறுன்னிஸா பந்தலின் கீழே கழிவு இலைகளைக் கூட்டினாள். கொடியின் அடி, மனிதக் கணுக்காலைப்போலத் தடித்து முறுக்கியிருந்தது. பந்தலுக்கு ஏறியதும் எந்தக் கிளை எந்தப் பக்கம் போகிறதென்று அது பார்ப்பதில்லை. சில வேலியைத் தாண்டித் திரேசம்மாவின் குசினிக் கூரையில் படர்ந்திருந்தன. கைறுன்னிஸா கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினாள். புதன்கிழமை மாலை வேலியடிக்குப் போய்த் திரேசம்மாவைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு நாங்க மூணு பேரும் கொங்காவெலைக்குப் போறோம். பொழுதுபட்டுத்தான் வருவோம்."

"போய்ட்டு வாங்க ராத்தா."

"குசினிக் கதவுத் தாழ்ப்பாள் சரியில்ல. பூனை வரும். வழக்கம்போல ஒரு கண் பாத்துக்க."

திரேசம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அந்தத் தாழ்ப்பாள் போன மாதம் செபஸ்தியனே புதிதாய் அடித்துக் கொடுத்தது.

"பாத்துக்கிறேன்," என்றாள்.

கொங்காவெலையில் சாப்பாடும் அளவெடுப்பும் பேச்சுமாகப் பகல் போயிற்று. ஸுபைதா சீலைகளை விரித்து விரித்துக் காட்டினாள். கைறுன்னிஸா எல்லாவற்றுக்கும் நல்லாயிருக்கு என்றாள். தையற்காரி ஹவ்வாவின் தோளில் நாடாவை வைத்தபோது, ஒரு நினைப்பு அவளைத் திடீரென்று பிடித்தது. திரேசம்மா இந்த வீட்டுப் பாத்திரம் எதையும் குறைவாக விட்டுவைத்தவள் இல்லை. எடுத்த இடத்தில் எதையாவது வைக்காமல் அவளுக்குக் கை வராது. சாடி குறைந்திருப்பதைப் பார்த்து, வழக்கப்படி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவைத்தால்? ஒரு கட்டிக் கருப்பட்டியைப் போட்டுவைத்தால்? அவ்வளவும் கொட்டவேண்டியதுதான். அச்சாறும் இல்லை. ஏன் இல்லை என்று ஸுபைதாவுக்குச் சொல்லவும் ஏலாது. அதை மட்டும் சொல்லாமல் வந்துவிட்டாளே. பஸ்ஸில் யாகூப் இரண்டு தடவை ஏதோ கேட்டார். அவள் இரண்டு தடவையும் ஓம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பர்தாவைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போனாள். சாடி அதே மூலையில் இருந்தது. துணியும் அதேதான். கயிறு மட்டும் அவள் போடுகிற முடிச்சில் இல்லை. கொழுந்துக் கூடைக் கயிற்றை இறுக்குவதுபோல, மடித்துச் சொருகி இறுக்கியிருந்தது.

அவள் அவிழ்க்கவில்லை. குனிந்து, மடக்கிய விரலால் சாடியின் கழுத்தில் தட்டினாள். வெற்றுச் சத்தம் கேட்டது. கொஞ்சம் கீழே தட்டினாள். அங்கும் வெற்றுச் சத்தம். இன்னும் கீழே போனதும்தான் நிறைந்த சத்தம் வந்தது. எடுத்த இடம் எடுத்தபடியே கிடந்தது. ஒரு சொட்டும் மேலே விழவில்லை.

சாடிக்குப் பக்கத்தில் அவளுடைய ரசச்சட்டி, கழுவித் துடைத்து, வாழையிலையால் மூடி வைக்கப்பட்டிருந்தது. இலையை நீக்கினாள். உள்ளே விளிம்புவரைக்கும் செத்தல் மிளகாய். அந்த வருடத்தில் அவ்வளவு செத்தலை அவள் ஒரே இடத்தில் கண்டதில்லை. எந்த லயத்தில் யார் யாரிடம் கேட்டுச் சேர்த்தாளோ. கல்யாண அச்சாறுக்கு மிளகாய்க்கு எங்கே போவதென்று கைறுன்னிஸா ஒருநாள் பாண் வரிசையில் முணுமுணுத்திருந்தாள்.

யாகூப் வாசலில் வந்து நின்றார். சாடியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

"பூனை வந்திச்சா?" என்றார்.

"வந்து போயிருக்கு போல."

"எதையும் கொட்டல்லியே?"

"இல்ல. சுத்தமான பூனை."

யாகூப் தொப்பியை எடுத்துக்கொண்டு தொழப் போனார்.

நிக்காஹ் நோன்புக்கு முன்னால் நடந்தது. பந்தலில் இலை மட்டும் இருந்தது. ஆண்கள் முற்றத்திலும் பெண்கள் உள்ளறையிலும் சேர்ந்துண்ணும் பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சின்ன வெங்காயமும் ஈச்சம்பழமும் கறிமிளகாயும் போட்ட அச்சாறு, மந்திலொறியின் கறுப்பு ஏறி, மினுங்கிக்கொண்டிருந்தது. ஸுபைதா முதலில் விரல் நுனியால் தொட்டாள். பிறகு ஒரு வெங்காயத்தை எடுத்தாள். பிறகு தட்டைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"இதுதான் வினாகிரி," என்றாள் பக்கத்திலிருந்தவர்களிடம். "ஒரு பிசகு இல்லாதது."

அவளுக்கு எதிரில் திரேசம்மா புதுச் சீலையில் உட்கார்ந்திருந்தாள். ஸுபைதாவுக்கு முகம் அடையாளம் தெரிந்தது.

"அன்னைக்கி ரசம் வாங்க வந்தது நீதானே? அந்தச் சாமியாருக்கு இப்ப எப்பிடி?"

"நல்லா இருக்காருங்க."

"ரசத்தக் குடிச்சாரா?"

திரேசம்மா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "குடிச்சாருங்க. பாஸ்கு அன்னிக்கு எல்லாரும் பாத்துக்கிட்டிருக்க, நின்னுக்கிட்டே குடிச்சாரு."

"நின்னுக்கிட்டா? நோயாளி மனுசனுக்கு ஒரு கதிரை குடுக்கல்லியா?"

"மேசை போட்டிருந்தோமுங்க. வெள்ளத்துணி விரிச்சு, மெழுகுதிரி ரெண்டு பக்கமும் ஏத்தி வச்சு."

ஸுபைதாவுக்குத் திருப்தியாக இருந்தது. "அப்பிடித்தான் கவனிக்கணும். குடும்பமில்லாத மனுசன்," என்றாள். தட்டைக் கைறுன்னிஸாவின் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம் அச்சாறு வைங்க."

கைறுன்னிஸா குனிந்து பரிமாறினாள். அவள் நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.